திருந்தியதா, திருத்தியதா? குழம்பாமல் எழுத ஒரு வழி

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. போன வருடம், “சென்ற கூட்ட அறிக்கை திருந்தி ஏற்கப்பட்டது” என்று எழுதி வாசித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு தாத்தா, “தானா திருந்துறதுக்கு அது என்ன குடிகாரனா தம்பி?” என்றார். கூட்டமே சிரித்தது.

முதல் படி சுலபம். ‘எதை’, ‘யாரை’ என்று கேளுங்கள். பதில் இருந்தால் ‘திருத்து’: ஆசிரியர் கட்டுரையைத் திருத்தினார். இல்லாவிட்டால் ‘திருந்து’: அவன் திருந்தினான். பொருந்து–பொருத்து, வருந்து–வருத்து எல்லாம் இதே சோடிதான். ‘ந்’ வந்தால் தானாக நடப்பது, ‘த்’ வந்தால் ஒருவர் செய்வது.

இரண்டாம் படியில்தான் நான் வழுக்கினேன். ‘ஏற்கப்பட்டது’ போன்ற செயப்பாட்டு வினை வந்தால் ‘எதை’ என்ற கேள்வி வேலை செய்யாது. ‘அறிக்கை’ எழுவாயாகப் போய் உட்கார்ந்துவிடும். அப்போது வாக்கியத்தைப் புரட்டிப் போடுங்கள். அறிக்கையை யார் என்ன செய்தார்கள்? நாங்கள் திருத்தினோம், ஏற்றோம். சரி, இப்போது திரும்ப எழுதலாம்: “அறிக்கை திருத்தப்பட்டு ஏற்கப்பட்டது.” எனக்குப் பிடித்தது இன்னும் சின்னது: “அறிக்கை திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது.”

அப்புறம் ஒற்று. ‘பிழையைத் திருத்து’ என்றால் ‘த்’ வேண்டும். ‘ஐ’ மறைந்து ‘பிழை திருத்து’ என்று நின்றால் வேண்டாம்.

தட்டச்சுக்கு எனக்குச் செல்லினம்தான், நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது. ஆனால் ‘திருந்து’, ‘திருத்து’ இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் எழுத்துப் பிழை பார்க்கும் செயலியை இதில் நம்பாதீர்கள். நான் தாளில் எடுத்து, பென்சிலோடு ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிடுவேன்.

பின்சேர்க்கை: மோட்டாரைத் திருத்தலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மலாயில் ‘பாய்க்கி’ என்ற ஒரே சொல் மோட்டாருக்கும் தப்புக்கும் ஓடும், குழப்பம் அங்கிருந்து வருகிறது. நாம் பேச்சில் ரிப்பேர் என்போம், எழுத்தில் ‘பழுதுபார்’ போதும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் சைக்கிளையும் திருத்துவார்கள். அது அவர்கள் வழக்கு, தப்பில்லை.

காடு திருத்துவது வேறு கணக்கு. வெட்டிச் சமன்படுத்தி நடவுக்கு ஆக்குவதுதான் அங்கே பொருள். நம் தாத்தாமார் காடு திருத்தி ரப்பர் நட்டார்கள் என்றால், காட்டில் பிழை இருந்ததாக அர்த்தமில்லை.