ஸ்பெயினுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: தேர்தல் ராத்திரியை நம்பி யாருக்கும் பணம் கட்டாதீர்கள்

வந்து இறங்கியதும் செய்ய வேண்டியதை யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். தங்கும் முகவரியை நகராட்சியில் பதிய வேண்டும். அதற்கு இங்கே பத்ரோன் என்று பெயர். ஊரில் ரேஷன் கார்டு போல எதற்கெடுத்தாலும் அதைத்தான் கேட்பார்கள். நீண்டகால அனுமதி கிடைக்கும்வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அப்புறம் மருத்துவ அட்டை, வங்கிக் கணக்கு. இதெல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடும். நான் எழுத வந்தது வேறு விஷயம்.

2023 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை, பார்சிலோனா. ராவல் பகுதியில் ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். போனைக் குக்கர்மேல் சாய்த்து வைத்துத் தேர்தல் முடிவு பார்த்தோம். நீல நிறத்தில் வலதுசாரி மக்கள் கட்சி 136 இடம், சிவப்பில் ஆளும் சோசலிஸ்ட் கட்சி 122. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் எங்களோடு இருந்தார். உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை, பேப்பர், அதாவது தங்கும் அனுமதி, கிடையாது. நீலம் முந்தியதைப் பார்த்ததும் தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார். "அண்ணே, அவ்வளவுதான், கதவைச் சாத்திருவாங்க" என்றார்.

அந்தப் பயத்தை ஒரு ஏஜெண்ட் வாரக்கணக்காக ஊட்டியிருந்தார். வலதுசாரிகள் வந்தால் அர்ரைகோ போய்விடும், அதற்குமுன் மனுப் போட்டுவிடு என்று. பேப்பர் இல்லாமல் இங்கே வாழ்ந்தவர்கள் அனுமதி கேட்கும் வழிதான் அர்ரைகோ. அன்றைய விதிப்படி வேலை ஒப்பந்தத்தோடு அதைக் கேட்க மூன்று வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். தம்பிக்கு ஆகியிருந்தது இரண்டு வருடம் இரண்டு மாதம். "அதை நான் பார்த்துக்கிறேன்" என்றாராம் ஏஜெண்ட். திங்கட்கிழமை காலையிலேயே தம்பி 1,200 யூரோவைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அரசுக் கட்டணம் 40 யூரோகூட இல்லை.

நாங்கள் ஏமாந்த இடம் இதுதான். நம் ஊரில் கூட்டணி தேர்தலுக்கு முன்பே சுவரில் எழுதியிருக்கும். எண்ணி முடித்த ராத்திரியே யார் முதல்வர் என்று தெரிந்து வெடி போட்டுவிடுவோம். இங்கே அப்படி இல்லை. காங்கிரஸ் எனப்படும் கீழவையில் 350 இடம், பெரும்பான்மைக்கு 176. மன்னர் எல்லாக் கட்சித் தலைவர்களையும் சந்தித்து ஒருவரை முன்மொழிவார், அவையில் வாக்கெடுப்பு நடக்கும். முதல் வாக்கெடுப்பில் 176 வேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டு நாள் கழித்து இரண்டாவது வாக்கெடுப்பு, அதில் எதிர்ப்பைவிட ஆதரவு அதிகமாக இருந்தால் போதும்.

வெளிநாட்டு வாக்குகளை எண்ணியதும் ஓர் இடம் கைமாறி மக்கள் கட்சி 137, சோசலிஸ்ட் 121 என்று ஆனது. 89இலிருந்து 137க்கு ஏறிய கட்சிதான். ஆனால் அது துணைக்கு நம்பியிருந்த தீவிர வலதுசாரி வாக்ஸ் கட்சி 52இலிருந்து 33க்கு விழுந்துவிட்டது. சின்னக் கட்சிகள் இரண்டின் தலா ஒன்றையும் சேர்த்தாலும் மொத்தம் 172. செப்டம்பரில் மக்கள் கட்சித் தலைவர் ஃபெய்ஹோ இரண்டு முறை முயன்றும் ஜெயிக்கவில்லை. 'சுமார்' (Sumar) என்ற இடதுசாரிக் கட்சியின் 31, கத்தலோனியா, பாஸ்க் பகுதிக் கட்சிகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து நவம்பர் 16 அன்று 179 வாக்கில் சோசலிஸ்ட் தலைவர் சான்செஸ்தான் மறுபடி பிரதமரானார். கிட்டத்தட்ட நான்கு மாதம்! நாங்கள் இருக்கும் கத்தலோனியாவில் அன்றைக்கே 48 இடத்தில் 19 சோசலிஸ்டுகளுக்குத்தான். தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை.

டிசம்பரில் தம்பிக்குக் கடிதம் வந்தது. மூன்று வருடம் நிறையவில்லை, நிராகரிப்பு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். புது அரசே வந்தாலும் விதி ஒரே ராத்திரியில் மாறாது. அமைச்சரவை 2024 நவம்பரில் புது விதிகளுக்கு ஒப்புதல் தந்தது, அமலுக்கு வந்தது 2025 மே 20. அதில் மூன்று வருடம் இரண்டாகக் குறைந்தது. ஏஜெண்ட் சொன்னதற்கு நேர் எதிர்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நமக்கு இங்கே நகராட்சித் தேர்தலில்கூட ஓட்டு இல்லை. குடியுரிமைக்குப் பத்து வருடம் ஆகும், லத்தீன் அமெரிக்கர்களுக்கு இரண்டே வருடம். எனக்கு இதில் இன்றும் கோபம்தான். அன்று கீழ்வீட்டு எக்வடோர் அம்மாவோடு வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடம் வரை போனேன். கண்ணாடி போன்ற பெட்டி, மேசையில் அடுக்கடுக்காகக் கட்சிவாரியாக வெள்ளைச் சீட்டுகள். போட்டுவிட்டு வந்தவரின் விரலைப் பார்த்தேன், மை இல்லை. ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

ஏஜெண்ட் அவசரப்படுத்தினால் இரண்டு கேள்வி கேளுங்கள். நான் வந்த தேதியிலிருந்து கணக்கு நிறைந்துவிட்டதா? வாங்கும் பணத்துக்கு ரசீது உண்டா? தம்பி 2024 மே மாதம் மூன்று வருடம் நிறைந்த பிறகு, ஒரு தொழிற்சங்க வக்கீலிடம் இலவசமாகக் கேட்டுத் தானே மனுப் போட்டு அட்டை வாங்கிவிட்டார். அந்த 1,200 யூரோவைக் கேட்க நாங்கள் இருவரும் அந்த ஏஜெண்டிடம் மூன்று தடவை போனோம். ரசீது எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.