டேட்டா இல்லாத சரிவில் மெசேஜ் போகணுமா?

கோத்தகிரிப் பக்கத் தேயிலைச் சரிவுகளில் டேட்டா செத்துக் கிடந்தாலும், ஒரு கோடு சிக்னல் இருந்தால் எஸ்எம்எஸ் போய்விடும். கூகுள் மெசேஜஸில் ஆர்சிஎஸ் (டேட்டா வழியாக மெசேஜ் அனுப்பும் முறை) ஆனில் இருந்தால்தான் தொல்லை: டேட்டா வரும்வரை மெசேஜ் தேங்கும். மேலே உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸில் ஆர்சிஎஸ் சாட்ஸ் திறந்து, தானாக எஸ்எம்எஸ்ஸாக மறுபடி அனுப்பும் வசதியை ஆன் செய்தேன், தேங்குவது நின்றது.

அடுத்தது நீளம். ஒரு எஸ்எம்எஸ் 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து அடங்கும், தமிழில் 70தான். அதிலும் ‘கோ’ இரண்டாகக் கணக்காகும்! 70ஐத் தாண்டினால் மெசேஜ் துண்டு துண்டாகப் போகும், துண்டுக்கு 67 எழுத்து. தினம் 100 எஸ்எம்எஸ் தரும் பேக்கில் ஒவ்வொரு துண்டும் தனியாகக் கழியும். ஆங்கில மெசேஜில் ஒரே ஒரு ஸ்மைலி போட்டாலும் 160 என்பது 70 ஆகிவிடும். ‘பஸ் போயிடுச்சு, ஜீப் அனுப்பு’ போதும். வணக்கமெல்லாம் நேரில் சொல்லிக்கொள்ளலாம்.