விசா மனு நிலுவையில் இருக்கும்போது ஊரிலிருந்து அவசரச் செய்தி வந்தால்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு

"அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்" என்று செய்தி வந்ததும் கை தானாக விமான டிக்கெட் தேடப் போகும். உங்கள் விசா மனுவோ கிரீன் கார்டு மனுவோ இன்னும் முடிவாகவில்லை என்றால், டிக்கெட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நாட்டை விட்டு வெளியேறினால் அந்த மனு நிற்குமா, விழுமா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வாங்க வேண்டும். இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் டிக்கெட்.

மனு போட்ட ரசீது இருக்கிறது, வேலை செய்யவும் அனுமதி இருக்கிறது, அப்புறம் போய்வருவதற்கு என்ன தடை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். தங்கியிருக்கும் அனுமதி வேறு, போய்த் திரும்பும் அனுமதி வேறு. பல நாடுகளில் இரண்டாவதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அமெரிக்காவில் ஐ-485 என்ற கிரீன் கார்டு மனுவைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர், அட்வான்ஸ் பரோல் (போய்த் திரும்புவதற்கு முன்கூட்டியே வாங்கும் அனுமதி) கைக்கு வராமல் கிளம்பினால், மனுவைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஹெச்-1பி, எல்-1 வேலை விசா நிலையில் முறையாக இருப்பவர்களுக்கும், அவர்களைச் சார்ந்த ஹெச்-4, எல்-2 குடும்பத்தாருக்கும் இதில் விலக்கு உண்டு. அதே வகை விசாவில் திரும்பி வந்தால் ஐ-485 அப்படியே இருக்கும். ஆனால் பாஸ்போர்ட்டில் உள்ள ஸ்டாம்பிங் (தூதரகம் ஒட்டித் தரும் விசா) காலாவதியாகியிருந்தால் இந்தியாவில் புதிதாக வாங்கிக்கொண்டுதான் திரும்ப முடியும். மாணவர் விசாவிலிருந்து ஹெச்-1பிக்கு மாறக் கேட்டிருக்கும் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. முடிவு வருமுன் வெளியேறினால் அந்த நிலை மாற்றக் கோரிக்கை விழுந்துவிடும். தூதரகத்தில் விசா வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். ஹெச்-1பி நீட்டிப்பு மனு வெளியேறுவதாலேயே விழாது. ஆனால் பழைய விசா முடிந்துபோயிருந்தால், மனு அங்கீகாரமாகி ஸ்டாம்பிங்கும் முடியும்வரை ஊரில்தான் இருக்க வேண்டியிருக்கும். அனுமதிக் காலம் தாண்டி 180 நாளுக்கு மேல் அங்கே இருந்துவிட்டவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் விமானம் ஏறவே கூடாது. வெளியே வந்ததும் 3 வருடத் தடை, ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் 10 வருடத் தடை.

அட்வான்ஸ் பரோல் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. குடியேற்றத் துறையின் உதவி எண்ணை அழைத்து, குடும்ப அவசரம் என்று சொல்லி, பக்கத்தில் இருக்கும் அலுவலகத்தில் நேரம் கேளுங்கள். அட்வான்ஸ் பரோலுக்கான ஐ-131 படிவத்தைப் பூர்த்தி செய்தது, கட்டணம், புகைப்படங்கள், ஐ-485 ரசீது, அவசரத்துக்கான ஆதாரம் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போக வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட மாட்டார்கள்; அதிகாரி காகிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அதனால்தான் ஆஸ்பத்திரிக் கடிதத்துக்கு இத்தனை மதிப்பு.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் தங்கும் அனுமதியை நீட்டிக்க உள்ளிருந்தே மனு போட்டவர் முடிவுக்கு முன் வெளியேறினால், மனு திரும்பப் பெறப்பட்டதாகிவிடும். பயணம் போக பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டாலும் அதே கதிதான். ஆஸ்திரேலியாவில் பிரிட்ஜிங் விசா ஏ (மனு முடிவாகும்வரை தங்கத் தரும் இடைக்கால விசா) வைத்துக்கொண்டு வெளியே வந்தால் அது அத்தோடு முடிந்தது; போய்த் திரும்ப பிரிட்ஜிங் விசா பி வேண்டும், அதை அங்கே இருக்கும்போதே வாங்க வேண்டும். கனடாவில் பர்மிட் நீட்டிப்புக்குக் காத்திருக்கும்போது வெளியே வந்துவிட்டால், திரும்ப நுழைய விசா வேண்டும். நுழைந்தாலும் முடிவு வரும்வரை வேலை செய்ய முடியாது. ஜெர்மனியில் மனு முடிவாகும்வரை தரும் தற்காலிகச் சான்று குடியிருப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் தரப்பட்டது என்று பாருங்கள். 81(4) என்றால் போய்வரலாம், 81(3) என்றால் திரும்ப முடியாது. சவூதியில் இருப்பவர்களுக்கு வெளியேறித் திரும்பும் அனுமதி இல்லாமல் எதுவும் நடக்காது.

சரி, அந்தக் கடிதம். நம் ஊரில் இதுதான் கஷ்டம். வீட்டில் விஷயத்தை மறைப்பார்கள். "கொஞ்சம் உடம்பு சரியில்லை, நீ ஒண்ணும் பயப்படாதே" என்பார்கள்; கேட்டால் ஐசியூவில் இருப்பார். சில வீடுகளில் நேர்மாறு, சாதாரணக் காய்ச்சலுக்கே "வந்து முகத்தைப் பார்த்துட்டுப் போ" என்பார்கள். சித்தப்பா சொல்வதையும் மாமா சொல்வதையும் கூட்டிக் கழித்து முடிவெடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் நிற்கும் ஆளிடம் போனை டியூட்டி டாக்டரிடம் கொடுக்கச் சொல்லி நேராகப் பேசுங்கள்.

கடிதம் ஆஸ்பத்திரியின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். நோயாளியின் பெயர், வயது, உள்நோயாளி எண், சேர்த்த தேதி, என்ன நோய், நிலைமை எவ்வளவு மோசம், இன்னார் இவருடைய மகன் அல்லது மகள், உடனே வர வேண்டியது அவசியம் என்பதெல்லாம் ஆங்கிலத்தில், கையெழுத்தும் முத்திரையும் வைத்து. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கூட்டம் உங்களுக்குத் தெரியும். வார்டு டாக்டருக்கு இப்படி ஒரு கடிதம் எழுத நேரம் இருக்காது. நீங்களே வாசகத்தைத் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அதை அச்செடுத்து நீட்டினால் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவருக்கும் சுலபம். தமிழில் உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அமெரிக்காவுக்கு இரு மொழியும் தெரிந்த ஒருவர் மொழிபெயர்த்து, சரியானதுதான் என்று கையெழுத்திட்டால் போதும், நோட்டரி தேவையில்லை.

ஆள் இறந்துவிட்டால் ஆஸ்பத்திரி தரும் இறப்பு அறிக்கையின் நகலை உடனே அனுப்பச் சொல்லுங்கள், சான்றிதழ் வர நாளாகும். மூலைக்கு மூலை ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரையும் சேர்த்து வைக்கலாம், தப்பில்லை. அதை மட்டும் நம்பி எந்த அதிகாரியும் அனுமதி தர மாட்டார்.

உறவை நிரூபிப்பதில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2ல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9ல். ஊத்தங்கரையிலோ ஓசூரிலோ பிறந்த அப்பாவின் பழைய சான்றில் சேலம் மாவட்டம், உங்கள் பிறப்புச் சான்றில் தருமபுரி மாவட்டம், இன்றைய ஆஸ்பத்திரிச் சீட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று இருக்கும். ஊர் ஒன்றுதான் என்பது வெளிநாட்டு அதிகாரிக்கு எப்படித் தெரியும்? இந்த இரண்டு தேதிகளையும் போட்டு முகப்புக் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். இனிஷியல் விவகாரத்துக்கும் ஒரு வரி. ஓரிடத்தில் 'கே. முனுசாமி', இன்னோரிடத்தில் 'முனுசாமி கிருஷ்ணன்' என்று இருந்தால் இரண்டும் ஒருவரே என்று சொல்ல வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர் அச்சாகியிருந்தால் அது இங்கே பெரிய உதவி. மாமனார், மாமியார் என்றால் திருமணச் சான்றையும் துணைவரின் பாஸ்போர்ட்டையும் சேர்த்து வையுங்கள்.

டிக்கெட் போடும் முன் நோயாளி எங்கே இருக்கிறார் என்று இன்னொரு முறை கேளுங்கள். நம் மாவட்டங்களிலிருந்து பெரிய வைத்தியத்துக்கு பெங்களூரு, சேலம், வேலூர் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெங்களூருக்குக் கொண்டு போயிருந்தால் நீங்கள் ஊருக்கு வரவே வேண்டாம், விமான நிலையத்திலிருந்து நேராக அங்கே போய்விடலாம். வேலூர் என்றால் சென்னையில் இறங்குவதையும் யோசிக்கலாம். மற்றபடி நமக்கு தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு விமான நிலையம்தான் கிட்டம். கிருஷ்ணகிரிக்கு சுமார் 130 கிலோமீட்டர், தருமபுரிக்கு சுமார் 175. தூரம் ஒன்றுமில்லை, பெங்களூரைக் கடப்பதுதான் வேலை. மாலை நேரத்தில் சில்க் போர்டு பக்கம் மாட்டினால் அத்திப்பள்ளி வருவதற்குள் வெறுத்துவிடும். ஓசக்கோட்டை, மாலூர் வழியாக ஓசூருக்கு வர டிரைவர் சம்மதித்தால் அப்படியே வாருங்கள். தமிழ்நாட்டு பெர்மிட் கட்டணம் வாடகையில் சேர்த்தியா என்று ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். "எப்போ எடுக்கறாங்க" என்று சொந்தங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், விமானம் இறங்கும் மணியைச் சொல்லாமல் வீடு வந்து சேரும் மணியைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஐந்தாறு மணி நேரம் போய்விடும்.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டு, விசா இல்லாமல் இந்தியா வர உதவும் ஓசிஐ அட்டை எடுக்காமல் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அவசர விசா கேட்கலாம். அதற்கும் இதே கடிதம்தான் ஆதாரம்.

வர முடியாத நிலையும் உண்டு, அதைப் பேசத்தான் யாருக்கும் மனசு வராது. என் கருத்து இது: பெற்றோர் சுயநினைவோடு இருந்தால், அட்வான்ஸ் பரோலுக்குச் சில நாள் காத்திருந்து வருவதே மேல். வந்து மாட்டிக்கொண்டால் மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்புகிறவர் யார்? நினைவு தப்பிவிட்டது, அல்லது இறந்தே விட்டார் என்றால் கணக்கு வேறு. அங்கே சட்டம் தெரிந்தவர் சொல்வதைக் கேட்டுவிட்டு உங்கள் மனசு சொல்வதைச் செய்யுங்கள். மனு நிலுவையில் இல்லாத அண்ணனோ தங்கையோ இருந்தால் அவர் முதலில் கிளம்பட்டும். எடுப்புக்கு வர முடியாதவர் அனுமதி வாங்கிக்கொண்டு பதினாறாம் நாள் காரியத்துக்கு வருவதை இப்போது ஊரில் யாரும் குறையாகப் பேசுவதில்லை.

அமெரிக்காவுக்குத் திரும்பும்போது ஸ்டாம்பிங் தேவைப்படுகிறவர்கள் இங்கே வந்து இறங்கிய பிறகு அதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் தாமதம். 2025 செப்டம்பர் 2 முதல் பெரும்பாலானவர்கள் நேர்காணலுக்கு நேரில் போக வேண்டும், நேர்காணல் இல்லாமல் காகிதங்களை மட்டும் கொடுத்துவிடும் டிராப் பாக்ஸ் வசதி வெகுவாகச் சுருங்கிவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி, ஹெச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். கிளம்பும் முன்பே சென்னை அமெரிக்கத் தூதரகத் தேதிகளைப் பார்த்து, அதற்கேற்ப அலுவலகத்தில் விடுப்பைக் கேளுங்கள். பெங்களூரு தூதரகம் 2025 ஜனவரியில் திறந்தபோது விசா சேவை இல்லாமல்தான் திறந்தது, ஆகவே சென்னையை வைத்தே திட்டமிடுங்கள். கைரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள். இரண்டும் அடுத்தடுத்துக் கிடைத்தால் அங்கேயே தங்கிவிடலாம். தருமபுரிக்காரர்களுக்கு மொரப்பூரிலும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஜோலார்பேட்டையிலும் சென்னை ரயில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கடிதத்தின் அசல், டிஸ்சார்ஜ் சம்மரி அல்லது இறப்புச் சான்று எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இறப்பு எங்கே நேர்ந்ததோ அங்கேதான் பதிவாகும்; பெங்களூரு ஆஸ்பத்திரியில் இறந்தவருக்குச் சான்று கர்நாடகத்தில்தான் கிடைக்கும். நீங்கள் விமானம் ஏற பெங்களூரு போகும் அன்றே அதையும் வாங்கிவிடலாமா என்று பாருங்கள்.