எஸ்க்யூலைட்டை வெப் ஆப்பில் போடுவதற்கு முன் மாற்ற வேண்டியவை

கல்யாண மண்டபத்துக்குத் தேதி பதிவு செய்கிற தளம், ஒரு டியூஷன் சென்டரின் வருகைப் பதிவு, சின்ன கடையின் பில் கணக்கு. இதற்கெல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரை ஏற்றி, யூசர் உருவாக்கி, போர்ட் திறந்து, அதற்கென்று மெமரி ஒதுக்கி ஒரு தனிக் குடித்தனம் நடத்த வேண்டியதில்லை, ஒரே ஃபைலுக்குள் அடங்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட் தாராளமாகப் போதும். ரிச்சர்ட் ஹிப் 2000இல் இதை எழுதத் தொடங்கியபோது அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். டேட்டாபேஸ் சர்வர் படுத்தால் ஆப்பும் சேர்ந்து படுத்துவிடுகிறது, சரி, சர்வரே இல்லாமல் நேராக ஃபைலைப் படித்தால் என்ன என்பதுதான் யோசனை. எஸ்க்யூலைட்டின் சொந்த இணையதளமும் எஸ்க்யூலைட்டில்தான் ஓடுகிறது, நாளுக்கு 4 முதல் 5 லட்சம் ரிக்வெஸ்ட் வருவதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பிரச்சினை, அது வருகிற நிலையில் அப்படியே வெப்பில் போடுவது. பழைய ஆப்கள் உடையக் கூடாது என்பதற்காகப் பல செட்டிங்குகளைப் பழையபடியே வைத்திருக்கிறார்கள், அவற்றை நாம்தான் மாற்ற வேண்டும்.

முதலில் ஃபைலை எங்கே வைப்பது. பப்ளிக் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள், யூஆர்எல் தெரிந்த எவரும் மொத்த டேட்டாபேஸையும் டவுன்லோட் செய்துகொண்டு போய்விடுவார்கள். தனி ஃபோல்டரில் வையுங்கள், வெப் சர்வர் எந்த யூசராக ஓடுகிறதோ அந்த யூசருக்கு ஃபைலில் மட்டுமல்ல, ஃபோல்டரிலும் எழுத அனுமதி வேண்டும், ஏனென்றால் எஸ்க்யூலைட் பக்கத்திலேயே துணை ஃபைல்கள் உருவாக்கும். 'ரீட்ஒன்லி டேட்டாபேஸ்' என்று எரர் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். டாக்கர் கண்டெய்னரில் ஓட்டுகிறீர்கள் என்றால், வெளியே நிலைத்திருக்கும் வால்யூம் ஒன்றை மவுண்ட் செய்யாமல் விட்டால் அடுத்த டிப்ளாயில் எல்லாம் காலி. ஹெரோகு போல டிஸ்க் நிலைக்காத ஹோஸ்டிங் தளங்களில் இதை முயலவே வேண்டாம்.

அப்புறம் ப்ராக்மாக்கள், அதாவது எஸ்க்யூலைட்டின் செட்டிங்குகளை மாற்றும் கட்டளைகள். 'ஜர்னல்_மோட்' என்பதை 'வால்' (WAL, மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதிவைக்கும் முறை) என்று மாற்றுங்கள், 2010 முதல் இருக்கிறது, ஒருமுறை போட்டால் ஃபைலிலேயே பதிந்துவிடும். இதற்குப் பிறகு ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் தடையில்லாமல் படிக்கலாம். ஆனால் நெட்வொர்க் டிரைவில் வால் மோட் வேலை செய்யாது. 'பிஸி_டைம்அவுட்' 5000 மில்லிசெகண்ட் வையுங்கள், இல்லாவிட்டால் காத்திருக்காமல் உடனே 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' என்று கைவிரிக்க வாய்ப்புண்டு. 'ஃபாரின்_கீஸ்' ஆன் செய்யுங்கள். ஆமாம், டேபிளில் ஃபாரின் கீ (இன்னொரு டேபிளில் உண்மையில் இருக்கும் வரியைத்தான் சுட்ட வேண்டும் என்ற விதி) எழுதியிருந்தாலும் அது இயல்பில் ஆஃப்தான், பல பேருக்கு இது தெரியவே தெரியாது. டிஸ்கில் பதிந்ததா என்று எவ்வளவு கண்டிப்பாக உறுதிசெய்வது என்பதைச் சொல்லும் 'சிங்க்ரனஸ்' நார்மல் போதும், கரண்ட் போனால் கடைசி ஓரிரு பதிவுகள் போகலாம், ஃபைல் கெடாது. இந்தக் கடைசி மூன்றையும் ஒவ்வொரு கனெக்‌ஷன் திறக்கும்போதும் போட வேண்டும், அதனால் கனெக்‌ஷன் தருகிற ஒரே ஃபங்ஷனுக்குள் எழுதி வைத்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம்: எந்த நேரத்திலும் எழுதுபவர் ஒருவர்தான். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் ஓர் எழுத்து வேலை சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும், வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். அதை நாம் கெடுக்காமல் இருந்தால் சரி. டிரான்ஸாக்‌ஷன் என்பது முழுதாக நடக்க வேண்டிய, இல்லாவிட்டால் நடக்கவே கூடாத வேலைகளின் தொகுப்பு. டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே ஓடிபி அனுப்புவது, பேமெண்ட் கேட்வேயின் பதிலுக்குக் காத்திருப்பது, இதெல்லாம் கூடவே கூடாது. தை மாத முகூர்த்தம் ஒன்றுக்கு இரண்டு குடும்பங்கள் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துகின்றன என்று வையுங்கள். வெறும் 'பிகின்' போட்டு, தேதி காலியா என்று படித்து, பிறகு எழுதப் போனால், இடையில் மற்றவர் எழுதியிருக்கும்போது உங்களுக்கு லாக் எரர் உடனே வரும், டைம்அவுட் எவ்வளவு வைத்திருந்தாலும் உதவாது. எழுதப்போகிற டிரான்ஸாக்‌ஷன் என்றால் தொடக்கத்திலேயே 'பிகின் இம்மீடியட்' போடுங்கள். பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் 5.1 முதல் இதை செட்டிங்ஸிலேயே சொல்லலாம். அதோடு மண்டபம், தேதி இரண்டையும் சேர்த்து ஒரே ஜோடி இரண்டு முறை வராமல் தடுக்கும் யுனிக் இண்டெக்ஸ் ஒன்றும் போட்டுவிடுங்கள், கோடில் எங்கே ஓட்டை இருந்தாலும் ஒரே தேதி இரண்டு பேருக்குப் போகாது.

டேட்டா டைப்பில் எஸ்க்யூலைட் ரொம்பத் தாராளம், முழு எண்ணுக்கான இண்டிஜர் நெடுவரிசையில் 'நாளைக்கு' என்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். 2021இல் வந்த 3.37 முதல் டேபிளின் கடைசியில் 'ஸ்ட்ரிக்ட்' என்று சேர்த்தால் இந்தக் கூத்து நிற்கும். புதிய டேபிள் எல்லாவற்றிலும் சேர்த்துவிடுங்கள்.

பேக்அப்புக்கு ஃபைலைச் சும்மா காப்பி செய்யாதீர்கள், வால் ஃபைலில் இருக்கும் புதிய பதிவுகள் விட்டுப்போகும், நடுவில் எழுத்து நடந்தால் காப்பியே கெட்டிருக்கலாம். கமாண்ட் லைனின் 'பேக்அப்' கட்டளையையோ 'வேக்யூம் இன்டு'வையோ குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போடுங்கள். உடனுக்குடன் வேண்டுமென்றால் லைட்ஸ்ட்ரீம் என்ற கருவி மாற்றங்களைத் தொடர்ந்து அமேசானின் எஸ்3 சேமிப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று வெப் சர்வர்கள் ஒரே டேட்டாபேஸில் எழுத வேண்டிய நிலை வந்தால் மட்டும் அடம்பிடிக்காமல் போஸ்ட்கிரெஸுக்குப் போய்விடுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கூடுதல் வேலை. 'ஆர்டர் பை' யூனிகோட் எண்படி வரிசைப்படுத்தும், அதில் ன என்பது ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, அதனால் மணி, மனோகர், மயில் என்று வரும். நம் அகராதி வரிசையில் மயிலுக்குப் பிறகுதான் மனோகர். வரிசை முறையைச் சொல்லும் கொலேஷன் ஃபங்ஷன் எழுதிப் பதிவு செய்யலாம், ஆனால் ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பதிய வேண்டும், கமாண்ட் லைனில் திறந்தால் அந்தக் கொலேஷன் இருக்காது. வரிசைக்கென்று தனி நெடுவரிசை ஒன்றை வைத்து, சேமிக்கும்போதே அதை நிரப்புவது எனக்குச் சுலபமாகப் படுகிறது.

தேடலுக்கு எஸ்க்யூலைட்டின் முழு உரைத் தேடல் வசதியான எஃப்டிஎஸ்5 பயன்படுத்தினால் இன்னும் கவனம். அதன் வழக்கமான 'யூனிகோட்61' டோக்கனைசர் (உரையைச் சொற்களாகப் பிரிப்பது) நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளாமல் அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடுகிறது. கல், கலை, கலி மூன்றும் அதற்கு வெறும் 'கல' தான், ஒன்றைத் தேடினால் மூன்றும் வரும். டேபிள் உருவாக்கும்போதே 'கேட்டகரீஸ்' என்ற விருப்பத்தில் இயல்பாக உள்ள எல்* (எழுத்துகள்), என்* (எண்கள்), சிஓ (தனிப்பயன் எழுத்துகள்) ஆகியவற்றோடு எம்*-ஐயும் (குறிகள்) சேருங்கள், குறிகள் சொல்லோடு ஒட்டி நிற்கும். ஏற்கெனவே உருவாக்கிவிட்ட டேபிளில் இதை மாற்ற முடியாது, டிராப் செய்து புதிதாக உருவாக்கி, பழைய வரிகளை மறுபடி ஏற்ற வேண்டும்.