குரோஷிய மொழியில் செயப்பாட்டுவினை: ‘ஸெ’ முதலில், மற்றதெல்லாம் பிறகு

குரோஷியத் தலைநகர் ஸாக்ரெப் வந்த முதல் வருஷம் ஒரு பழைய சைக்கிளை விற்க நினைத்தேன். தெருவெல்லாம் ‘ப்ரொதாயெ ஸெ’ என்று அட்டை தொங்கும். விற்பனைக்கு என்று அர்த்தம், அதுவரை சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன். ‘நான் விற்கிறேன்’ என்பதற்கு வினையைத் தன்மைக்கு மாற்றினால் போதும் என்று நினைத்து, ‘ப்ரொதாயெம் ஸெ’ என்று எழுதி, கீழே போன் நம்பரும் போட்டுக் கட்டிடத்தின் கீழ்வாசலில் ஒட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, சிரிப்பை அடக்க முடியாமல், என்ன விலை என்று கேட்டார். நான் எழுதியிருந்தது ‘என்னையே விற்கிறேன்’.

அந்த ‘ஸெ’ என்ற ஒற்றை அசையில்தான் குரோஷிய செயப்பாட்டுவினையின் பாதி இருக்கிறது. அதனால் பாடப்புத்தக வரிசையில் போகாமல் அங்கிருந்தே தொடங்குவோம்.

படிக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. குரோஷியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். நம் வழக்கப்படியே படியுங்கள்: சொல் நடுவில் ஒற்றை ‘த’ மெலிந்து ஒலிக்கும், ‘த்த’ வல்லினமாக ஒலிக்கும். ‘ப’, ‘க’ இரண்டுக்கும் அப்படியே. அவர்களுடைய த பல்லில் நாக்கு படும் நம் த-தான், ட இல்லை. ச்ச என்று நான் எழுதும் இடத்தில் அவர்களுக்கு இரண்டு தனித்தனி எழுத்துகள் உண்டு, ஜ-வும் அப்படித்தான். தொடக்கத்தில் அந்த வேறுபாட்டுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 1: ‘ஸெ’ போடுங்கள்

குச்சா என்றால் வீடு. ப்ரொதாயெ என்றால் விற்கிறான் அல்லது விற்கிறாள். நடுவில் ஸெ வந்தால்:

குச்சா ஸெ ப்ரொதாயெ: வீடு விற்கப்படுகிறது.

அவ்வளவுதான். வினையில் வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் விற்கப்படும் பொருள்தான் இப்போது எழுவாய். அது பன்மையானால் வினையும் பன்மையாகும். கார்த்தா ஒரு டிக்கெட், கார்த்தெ பல டிக்கெட்:

கார்த்தெ ஸெ ப்ரொதாயு: டிக்கெட்டுகள் விற்கப்படுகின்றன.

என் சைக்கிள் அட்டையில் இருந்திருக்க வேண்டியது ‘ப்ரொதாயெ ஸெ பித்ஸிக்ல்’. சைக்கிள் எழுவாய், படர்க்கை ஒருமை. அல்லது ஸெ இல்லாமல் நேராக ‘ப்ரொதாயெம் பித்ஸிக்ல்’, நான் சைக்கிள் விற்கிறேன். இரண்டையும் கலந்தால் பாட்டி வந்து கதவைத் தட்டுவார். பொதுவாக, செயப்பாட்டு ஸெ படர்க்கைக்கு உரியது என்று வைத்துக்கொண்டால் ஆபத்து இல்லை.

இந்த அசைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வாக்கியத்தின் முதல் இடத்தில் நிற்காது. முதல் சொல்லோ தொடரோ முடிந்ததும் இரண்டாவதாக வந்து ஒட்டிக்கொள்ளும். ‘இங்கே’ என்பதற்கு ஒவ்த்யெ. அதை முன்னால் கொண்டுவந்தால்:

ஒவ்த்யெ ஸெ ப்ரொதாயு கார்த்தெ.

வினை முதலில் வந்தால் ‘ப்ரொதாயு ஸெ கார்த்தெ’. எந்தச் சொல்லை எங்கே நகர்த்தினாலும் ஸெ மட்டும் இரண்டாவது நாற்காலியை விடாது.

படி 2: தமிழில் ‘படு’வைத் தேடாதீர்கள்

தமிழர்கள் இங்கே ஒரு பொறியில் விழுகிறோம். செயப்பாட்டுவினை என்றதும் பள்ளியில் படித்த ‘ஆல்... பட்டது’ நினைவுக்கு வருகிறது. ஆனால் நாம் வீட்டில் பேசும்போது கண்ணாடி ‘உடைக்கப்பட்டது’ என்றா சொல்கிறோம்? உடைந்தது என்கிறோம். உடைத்தான், உடைந்தது, திறந்தான், திறந்தது, முடித்தான், முடிந்தது. செய்தவனைக் காட்டாமல் நடந்ததை மட்டும் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. ஸெ செய்யும் வேலையில் பெரும்பகுதி இதுதான்.

ஸ்தாக்லொ ஸெ ராஸ்பிலொ: கண்ணாடி உடைந்தது.

வ்ராத்தா ஸு ஸெ ஒத்வொரிலா: கதவு திறந்தது.

இரண்டாவது வாக்கியத்தில் ‘ஸு’ எங்கிருந்து வந்தது? குரோஷியத்தில் கதவு எப்போதும் பன்மை. ஒரே ஒரு கதவானாலும் வ்ராத்தா பன்மைதான். அது ஆ-வில் முடிவதால் பெண்பால் ஒருமை என்று தோன்றும். நம்பாதீர்கள், அது நடுப்பால் பன்மை.

முதல் வாக்கியத்தில் ஏன் துணைவினை இல்லை என்றும் கேட்கலாம். இறந்தகாலத்தில் படர்க்கை ஒருமைக்கு ‘யெ’ என்ற துணைவினை வரவேண்டும். ஆனால் ஸெ-யும் யெ-யும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் யெ பெரும்பாலும் விழுந்துவிடும். பன்மைக்குரிய ஸு விழாது.

செயப்படுபொருளே இல்லாத வினைகளுக்கும் ஸெ வரும். ‘ஒவ்த்யெ ஸெ நெ பூஷி’ என்றால் இங்கே புகை பிடிக்கக் கூடாது. யார் என்ற கேள்வியே எழாது. முதல் நாளிலிருந்தே உங்களுக்குத் தேவைப்படும் வாக்கியமும் இந்த வகைதான்:

காக்கொ ஸெ காஜெ ... நா ஹ்ர்வாத்ஸ்கொம்? இதைக் குரோஷியத்தில் எப்படிச் சொல்வது?

நடுவில் புள்ளி வைத்த இடத்தில் விரலால் எதையாவது காட்டினால் போதும். நான் காய்கறிச் சந்தையில் பாதி மொழியை இப்படித்தான் கற்றேன்.

படி 3: முடிந்த காரியத்துக்கு வேறு உருவம்

கணக்குச் சீட்டு ராச்சுன். ‘பில் கட்டியாச்சு’ என்று எப்படிச் சொல்வது?

ராச்சுன் யெ ப்லாச்சென்.

இதுதான் இரண்டாவது வகை: ‘இரு’ என்னும் துணைவினையோடு ஒரு எச்ச வடிவம். அந்த எச்சத்துக்கு அவர்கள் இலக்கணத்தில் ‘த்ர்ப்னி’ என்ற அடைமொழி உண்டு. அது த்ர்ப்யெத்தி என்ற வினையிலிருந்து வருகிறது. பொருள், துன்பம் பொறுத்தல், பாடு படுதல். நம் ‘படு’வும் அதே பாடுதான். ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே உவமையைப் பிடித்திருப்பதைப் பார்த்த அன்று எனக்கு வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை.

எச்சம் செய்யும் விதம்: வினையின் இறுதியிலுள்ள ‘த்தி’யை எடுத்துவிட்டு அதற்கு முன் என்ன உயிர் இருக்கிறது என்று பாருங்கள்.

ஆ இருந்தால் ன் மட்டும் சேரும். நாப்பிஸாத்தி (எழுது) நாப்பிஸான் ஆகும். ப்ரொதாத்தி (விற்றுவிடு) ப்ரொதான். பொஸ்வாத்தி (அழை) பொஸ்வான். தொந்தரவு இல்லாத கூட்டம்.

இ இருந்தால் அது போய் என் வரும். போகிற போக்கில் முன்னால் இருந்த மெய்யையும் குழைத்துவிடும். புத்தகங்கள் இதற்கு ஒரு பக்கம் நிறைய அட்டவணை போட்டுப் பயமுறுத்தும். நமக்கு அது தேவையில்லை. படித்தேன் என்பதை எப்படிச் சொல்கிறோம்? படிச்சேன். இ-க்குப் பக்கத்தில் வந்த த்த ச்ச ஆகிறது. ஐந்து அஞ்சு ஆகிறது. நாக்கு அதே சோம்பலைத்தான் இங்கேயும் படுகிறது:

ப்லாத்தித்தி (பணம் கட்டு), ப்லாச்சென். த்த போய் ச்ச.

ரொதித்தி (பெற்றெடு), ரொஜென். மெலிந்த த போய் ஜ.

நொஸித்தி (சும), நொஷென். ஸ போய் ஷ.

ஸாப்ரானித்தி (தடை செய்), ஸாப்ராஞென். ன போய் ஞ.

உதட்டில் பிறக்கும் ப, ம, வ ஒலிகள் குழைய முடியாததால் பக்கத்தில் ஒரு ‘ல்ய’வைச் சேர்த்துக்கொள்கின்றன: கூப்பித்தி (வாங்கு) கூப்ல்யென், பொப்ராவித்தி (பழுது பார்) பொப்ராவ்ல்யென். ர மட்டும் அசையாது: ஒத்வொரித்தி (திற) ஒத்வொரென்.

னுத்தி என்று முடிபவை த் எடுக்கும்: உக்கினுத்தி (ஒழி), உக்கினுத். மற்றவற்றைச் சந்திக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஸ்தி என்று முடியும் இரண்டை மட்டும் இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்: உக்ராஸ்தி (திருடு) உக்ராதென், உவெஸ்தி (அறிமுகப்படுத்து) உவெதென். 2023 ஜனவரி 1 அன்று குரோஷியா தன் கூனா நாணயத்தை விட்டு யூரோவுக்கு மாறியது. அந்தச் செய்தியை இரண்டு எச்சத்தில் சொல்லிவிடலாம்:

கூனா யெ உக்கினுத்தா, எவுரொ யெ உவெதென்.

படி 4: பால், எண்

மேலே உக்கினுத் என்றுதான் சொன்னேன், வாக்கியத்தில் உக்கினுத்தா வந்ததே என்று கவனித்தீர்களா? கூனா பெண்பால். எச்சம் ஒரு பெயரடை போல நடந்துகொள்ளும், எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப வால் மாறும். ஆண்பாலுக்கு வால் இல்லை, பெண்பாலுக்கு ஆ, நடுப்பாலுக்கு ஒ. பன்மையில் முறையே இ, எ, ஆ.

இதைப் பழக நல்ல இடம் தெருப் பலகைகள். ஸாப்ராஞென் ஊலாஸ்: உள்ளே வரத் தடை, நுழைவு ஆண்பால். ஸாப்ராஞெனா ப்ரொதாயா: விற்பனைக்குத் தடை, பெண்பால். ஸாப்ராஞெனொ பூஷெஞெ: புகை பிடிக்கத் தடை, நடுப்பால். பெயர்ச்சொல்லே இல்லாமல் தனியாக நின்றால் நடுப்பால் ஒருமை: கடை வாசலில் ஒத்வொரெனொ, ஸாத்வொரெனொ (திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது). கழிப்பறைக் கதவில் ஸாவுஸெத்தொ, உள்ளே ஆள் இருக்கிறார்.

ஒரு எழுத்தில் தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு. ‘நாப்பிஸாலா’ எழுதினாள், ‘நாப்பிஸானா’ எழுதப்பட்டது. ல செய்பவருக்கு, ன பாடு படுபவருக்கு. க்ஞிகா (புத்தகம்) யெ நாப்பிஸாலா என்றால் புத்தகமே உட்கார்ந்து எழுதியதாகிவிடும்.

பிறந்த விவரம் சொல்லும்போதும் கவனம். ஆண் ‘ரொஜென் ஸாம்’ என்பார், பெண் ‘ரொஜெனா ஸாம்’. ஸாம் என்பது ‘நான் இருக்கிறேன்’. ‘ரொதிலா ஸாம் ஸெ’ என்றாலும் நான் பிறந்தேன்தான். ஆனால் ஒரு பெண் அந்த ஸெ-யை விழுங்கிவிட்டு ‘ரொதிலா ஸாம்’ என்றால் குழந்தை பெற்றேன் என்று பொருள். விண்ணப்ப அறையில் வாழ்த்துச் சொல்வார்கள்.

படி 5: எப்போது எது?

நடந்துகொண்டிருப்பதற்கும் வழக்கமாக நடப்பதற்கும் ஸெ. முடிந்து விளைவு கண்முன் நிற்பதற்கு எச்சம். இந்த ஒரு விதியை வைத்தே ரொம்ப தூரம் போகலாம்.

லிஃப்த் ஸெ பொப்ராவ்ல்யா: லிஃப்டைச் சரி செய்துகொண்டிருக்கிறார்கள்.

லிஃப்த் யெ பொப்ராவ்ல்யென்: சரி செய்தாயிற்று.

முதல் வாக்கியத்துக்குத் தமிழில் ‘செய்துகொண்டிருக்கிறார்கள்’ என்றுதான் இயல்பாக வருகிறது, கவனியுங்கள். ஆள் யாரென்று நமக்கும் தெரியாது.

2020 மார்ச் 22 காலை ஸாக்ரெப்பை நிலநடுக்கம் உலுக்கியபோது பேராலயத்தின் தெற்குக் கோபுர உச்சி முறிந்து விழுந்தது. சில வாரங்களில் வடக்குக் கோபுரத்தின் உச்சியையும் வெடி வைத்துப் பாதுகாப்பாக இறக்கினார்கள். நடந்து முடிந்த சேதத்துக்கு எச்சம்: காத்தெத்ராலா யெ ஒஷ்தெச்செனா, பேராலயம் சேதப்பட்டது. அதன்பின் சாரம் கட்டி வருஷக்கணக்கில் நீண்ட வேலைக்கு ஸெ: காத்தெத்ராலா ஸெ ஒப்னாவ்ல்யா, புதுப்பிக்கப்பட்டு வருகிறது.

எச்சத்தில் ஒரு இரட்டை அர்த்தம் ஒளிந்திருக்கிறது. மூஸெய் என்பது அருங்காட்சியகம். ‘மூஸெய் யெ ஒத்வொரென்’ என்பதற்குத் திறக்கப்பட்டது என்றும் பொருள், திறந்திருக்கிறது என்றும் பொருள். பக்கத்தில் வருஷம் இருந்தால் திறப்பு விழா. ஒன்பது முதல் ஐந்து வரை என்று இருந்தால் பார்வை நேரம். எதிர்காலத்துக்கு ‘பிச்செ ஒத்வொரென்’, திறக்கப்படும். எழுத்தில் அது இரண்டு சொல், பேச்சில் ஒன்றாக ஒலிக்கும். எதிர்மறைக்கு யெ போய் நியெ வரும்: ராச்சுன் நியெ ப்லாச்சென், பில் கட்டவில்லை.

படி 6: ‘ஆல்’ வேண்டாம்

யாரால் என்று சொல்ல ‘ஒத் ஸ்த்ரானெ’ என்று ஒரு தொடர் இருக்கிறது. ‘... தரப்பிலிருந்து’ என்பது போல. அரசாங்கக் கடிதத்தில் அடிக்கடி பார்ப்பீர்கள். நடை நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் குரோஷியர்கள் அதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். ஸெ வாக்கியத்திலோ செய்தவரைச் சேர்க்க இடமே இல்லை.

அப்படியானால் புத்தகத்தை முன்னால் வைத்து, எழுதியது ஆசிரியை என்று அழுத்திச் சொல்வது எப்படி? நாம் செய்வதையேதான் அவர்களும் செய்கிறார்கள்:

க்ஞிகு யெ நாப்பிஸாலா உச்சித்தெல்யித்ஸா: புத்தகத்தை எழுதியது ஆசிரியை.

க்ஞிகா என்பது க்ஞிகு ஆகிவிட்டது, நம் ‘ஐ’ உருபு போல. உருபு இருப்பதால் சொல்லை முன்னும் பின்னும் நகர்த்தினாலும் யார் யாரை என்பது குழம்பாது. இது செய்வினைதான். ‘ஆசிரியையால் எழுதப்பட்டது’ என்று கேட்டால் நம் காதுக்கே இது மொழிபெயர்ப்பு என்று தெரிந்துவிடும் அல்லவா? அவர்கள் காதும் அப்படித்தான்.

முயன்று பாருங்கள்

கீழே நான்கு. விடையை மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

சைக்கிள் திருடு போய்விட்டது. (பித்ஸிக்ல் யெ உக்ராதென்.)

கதவு திறந்திருக்கிறது. (வ்ராத்தா ஸு ஒத்வொரெனா. ‘யெ’ போட்டிருந்தால் படி 2-க்குத் திரும்புங்கள்.)

என்னை அழைத்திருக்கிறார்கள். (ஆண்: பொஸ்வான் ஸாம். பெண்: பொஸ்வானா ஸாம்.)

வீடு விற்றாச்சு. (குச்சா யெ ப்ரொதானா.)

சைக்கிள் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: ப்ரொதான் யெ. பாட்டியின் பேரன்தான் வாங்கினான்.