ஹாரியர் பழகுறவங்க பண்ற தப்பு: மூக்கு மேல இருக்குற அந்த சின்ன தகடு

செங்குத்தா கிளம்பி இறங்குற போர் ஜெட்டான ஹாரியரை சிமுலேட்டர்ல ஓட்ட மூணு பேருக்கு சொல்லிக் கொடுத்துட்டு இருக்கேன், நான் ஆரம்பத்துல பண்ண அதே தப்பை ஒண்ணு விடாம பண்றாங்க. சக்கரத்தை இறக்க மறக்குறதெல்லாம் நாலு தடவை அடிபட்டா தானா சரியாயிடும், அதை விட்டுடலாம்.

பக்கக்காத்தை பாக்காம வேகத்தை குறைக்குறது

இன்னிக்கும் எனக்கு எரிச்சல் வர்றது இதுலதான். இறங்க வரும்போது எஞ்சின் காத்தை வெளிய தள்ளுற நாலு நாசிலையும் (திருப்புற குழாய்) கீழ திருப்பி, வேகம் 90 நாட்டுக்கு (knots, மணிக்கு சுமார் 167 கி.மீ.) கீழ வந்ததும் எல்லாரோட கண்ணும் இறங்குற இடத்துலயே ஒட்டிக்குது. கண்ணாடிக்கு முன்னாடி மூக்கு மேல ஒரு சின்ன தகடு காத்து வர்ற திசைக்கு திரும்பிட்டே இருக்கும், அதை யாரும் பாக்குறதே இல்ல. ஹாரியரோட பெகாசஸ் எஞ்சின் முன்னாடியிருந்து அவ்வளவு காத்தை உறிஞ்சுது, அந்த காத்து பக்கவாட்டுல வந்தா அதை மடக்கி உள்ள இழுக்குற விசையே மூக்கை இன்னும் கோணலா தள்ளிடும். வேகத்துல இருந்தா வால் நேராக்கிடும், மெதுவா போகும்போது வாலுக்கு அந்த பலம் கிடையாது. கோணல் கூடக் கூட காத்து படுற பக்கத்து இறக்கை மேல எழும்பும், அப்புறம் சமநிலைக்கு காத்து ஊதுற இறக்கை நுனி துவாரம் முழுசா ஊதினாலும் நிக்காது, உருண்டுடும்.

நானும் அப்படித்தான், கப்பல் தளத்துக்கு பக்கத்துல வந்து ஸ்டிக்கை மட்டும் எதிர்ப்பக்கம் தள்ளினேன், காலு பெடலை தொடவே இல்ல, ரெண்டே செகண்டுல தலைகீழ். நிஜ ஹாரியர்ல இதனால பைலட்டுங்க உயிரே போயிருக்கு. தகடு நடுவுல நிக்குற வரைக்கும் பெடலை விடாதீங்க, இறக்கையை சமமா வைங்க, மூக்கை ரொம்ப தூக்காதீங்க.

த்ராட்டிலை சடார்னு இறக்குறது

மூக்கு, வால், இறக்கை நுனி துவாரங்களுக்கு காத்து எஞ்சின்லேருந்துதான் போகுது. பவரை வெட்டினா தூக்கலும் போச்சு, கன்ட்ரோலும் போச்சு.

நாசில் லிவரை த்ராட்டில்னு நினைச்சு இழுக்குறது

ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. தொட்டுப் பாத்து இழுங்க.

முழு லோடோட செங்குத்தா கிளம்ப பாக்குறது

கிளம்பாது. கொஞ்ச தூரம் ஓடி இறக்கையையும் வேலை வாங்குங்க, செங்குத்தா இறங்குற புது ஜெட் எஃப்-35பி கூட லோடோட போனா ஓடித்தான் கிளம்புது.

தண்ணியை நம்பி மிதந்துட்டே இருக்குறது

சூட்டை அடக்க எஞ்சின்ல பீச்சுற தண்ணி மொத்தமே 227 கிலோ, சுமார் 90 செகண்டுல தீந்துடும். அதுக்குள்ள சக்கரம் தரையில இருக்கணும்.