அமெரிக்காவில் படிக்கும்போதே வேலை தேடுதல்: எஃப்-1 மாணவர்களுக்கான வழிகாட்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைப் படிப்பில் சேர்ந்து ஆகஸ்ட் மாதம் வந்திறங்கும் மாணவருக்கு முதல் சில வாரங்கள் அறை தேடுவதிலும், வங்கிக் கணக்கு தொடங்குவதிலும், பாடங்களைப் பதிவு செய்வதிலும் கழிந்துவிடுகின்றன. படிப்பு ஓரளவு பிடிபட்ட பிறகு வேலை தேடிக்கொள்ளலாம் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அடுத்த கோடையில் இன்டர்ன்ஷிப் தரும் பெரிய நிறுவனங்கள் அதற்கான விண்ணப்பங்களை அதே ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் திறந்துவிடுகின்றன. அவற்றுள் சில, ஆண்டு முடிவதற்குள் இடங்களை நிரப்பியும் விடுகின்றன. எனவே முதல் பருவத்தின் முதல் தேர்வு வருவதற்கு முன்பே தேடலைத் தொடங்கிவிடுங்கள் என்பதுதான் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு தொடக்க நாளும் ஒரு கடைசி நாளும் உண்டு. அந்த நாள்களை அறிந்து தேடுகிறவருக்கும் அறியாமல் தேடுகிறவருக்கும், திறமை ஒன்றாகவே இருந்தாலும், முடிவு வேறாக அமைந்துவிடுகிறது.

நாள்காட்டியை முதலில் வரையுங்கள்

2026 ஆகஸ்டில் கணினி அறிவியல் எம்.எஸ். படிப்பில் சேர்ந்து 2028 மே மாதம் முடிக்கப்போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பருவம் நடக்கும்போது அவர் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நூலகம், உணவுக்கூடம், ஆய்வகம், பேராசிரியரின் உதவியாளர் பணி ஆகியவை இதில் அடங்கும். வளாகத்துக்கு வெளியே செய்யும் இன்டர்ன்ஷிப்புக்குச் சிபிடி எனப்படும் அனுமதி தேவை. அதைப் பெறுவதற்குப் பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும் என்பதால், அவருக்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு 2027ஆம் ஆண்டுக் கோடை.

சிபிடி அனுமதியை வழங்குபவர் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உள்ள டிஎஸ்ஓ என்ற அதிகாரி. குடியேற்றத் துறைக்கு மனுவோ கட்டணமோ தேவையில்லை. ஆனால் வேலை படிப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். பல துறைகள் அதற்கென ஒரு கிரெடிட் பாடத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. நிறுவனத்தின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவை, மாணவர் நிலைக்குச் சான்றாகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தின் புதிய பிரதியில் அச்சாகி வரும். அந்தத் தொடக்க நாளுக்கு ஒரே ஒரு நாள் முன்னதாக வேலைக்குச் சென்றாலும் அது விதிமீறலே. மேலாளர் அன்போடு "முந்தைய வாரமே வந்து பழகிக்கொள்ளுங்கள்" என்று அழைத்தாலும் மறுத்துவிட வேண்டும். ஒரே கல்வி நிலையில் முழுநேரச் சிபிடியை 12 மாதங்களோ அதற்கு மேலோ பயன்படுத்தினால், படிப்பு முடிந்த பின் 12 மாதங்கள் வேலை செய்யக் கிடைக்கும் ஓபிடி அனுமதி பறிபோய்விடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒரு கோடையின் மூன்று மாதங்களால் எந்த இழப்பும் இல்லை.

அடுத்தது ஓபிடி. படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாள் வரை இதற்கு விண்ணப்பிக்கலாம். நம் மாணவருக்கு அந்தக் காலம் 2028 பிப்ரவரியில் தொடங்குகிறது. டிஎஸ்ஓவின் பரிந்துரை பதிவான 30 நாள்களுக்குள் ஐ-765 என்ற விண்ணப்பப் படிவம் யுஎஸ்சிஐஎஸ் எனப்படும் குடியேற்றத் துறையைச் சென்றடைய வேண்டும். கையில் வேலை இல்லாமல் விண்ணப்பிக்கக் கூடாது என்று எண்ணிக் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது. அனுமதி அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுவதுதான் நல்லது. அட்டையில் அச்சிட்டிருக்கும் நாள் தொடங்கியதும் வேலையில்லா நாள்களின் கணக்கும் ஓடத் தொடங்கும். மொத்தம் 90 நாள்கள்தான் அனுமதி; சனி, ஞாயிறு உட்பட எல்லா நாள்களும் அதில் சேரும். தொடக்க நாளைப் படிப்பு முடிந்த 60 நாள்களுக்குள் நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், வேலை உறுதியாகாதவர் சற்றுத் தள்ளிய நாளைக் கேட்பது பயன் தரும்.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பாடங்களில் பட்டம் பெற்றவர்களுக்கு ஸ்டெம் நீட்டிப்பாக மேலும் 24 மாதங்கள் கிடைக்கும். அதற்கு நிறுவனம், ஊழியரின் வேலை அனுமதியை இணையவழியில் சரிபார்க்கும் அரசின் ஈ-வெரிஃபை திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். ஐ-983 என்ற பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். வேலை வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமலும் ஊதியத்தோடும் இருக்க வேண்டும். ஆகவே வேலையை ஏற்பதற்கு முன்பே "உங்கள் நிறுவனம் ஈ-வெரிஃபையில் இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு வரிக் கேள்விதான். கேட்காமல் சேர்ந்தவர்கள் ஓராண்டு கழித்து வேறு வேலை தேடி அலைய நேர்ந்திருக்கிறது.

இப்போதைய விதிகளின்படி நம் மாணவருக்கு 2031ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை காலம் இருக்கிறது. நிறுவனம் மனு செய்து பெறும் எச்-1பி என்ற வேலை விசாவுக்கான பதிவு ஆண்டுதோறும் மார்ச் மாதம் நடப்பதால் 2029, 2030, 2031 என மூன்று முறை அவருடைய பெயரை நிறுவனம் பதிவு செய்யலாம். ஆண்டுக்கு 65,000 இடங்களும், அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000 இடங்களும் உள்ளன. பதிவானவர்களிலிருந்து ஆள்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் உயர்ந்த ஊதிய நிலைக்குக் கூடுதல் வாய்ப்பு தரும் விதி 2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஒரு லட்சம் டாலர் கட்டணம் பல குடும்பங்களைக் கலங்கடித்தது. நாட்டுக்குள் இருந்தபடியே மாணவர் நிலையிலிருந்து எச்-1பிக்கு மாறுவோருக்கு அது பொருந்தாது என்று யுஎஸ்சிஐஎஸ் அடுத்த மாதமே விளக்கம் அளித்தது. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை. வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி முடிவெடுக்காமல், டிஎஸ்ஓவிடம் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரெஸ்யூமேவில் எதை விடுவது, எதை எழுதுவது

நம் ஊர்க் கல்லூரிகளில் பழக்கப்பட்ட ரெஸ்யூமே இங்கே செல்லாது. ஒளிப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண நிலை, மதம் ஆகிய அனைத்தையும் நீக்குங்கள். வேலைக்கு எடுப்பதில் இனம், மதம், பாலினம், பிறந்த நாடு பார்ப்பதை 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம் தடை செய்வதால், இந்த விவரங்களைக் கண்ணில் படாமல் வைத்திருக்கவே நிறுவனங்கள் விரும்புகின்றன. "மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்ற கடைசி வரியும் கையெழுத்தும் தேவையில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களும் வேண்டாம். இளங்கலை மதிப்பெண்ணை 10க்கு 8.4 என்று இருந்தபடியே எழுதுங்கள். நீங்களாக 4 புள்ளி அளவுக்கு மாற்ற வேண்டாம். மொத்தமும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும்.

இப்படி மிச்சமாகும் இடத்தைச் செய்த வேலையை விளக்குவதற்குப் பயன்படுத்துங்கள். "இறுதியாண்டு ப்ராஜெக்ட்: பேருந்து வருகை அறிவிக்கும் செயலி, ஜாவா, மைஎஸ்க்யூஎல்" என்ற வரி படிப்பவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. "மூவர் குழுவில் தரவுத்தளப் பகுதியை வடிவமைத்தேன், 40 வழித்தடங்களின் அட்டவணையை ஏற்றி, ஒரு தேடலுக்கு ஆன நேரத்தை 3 விநாடியிலிருந்து அரை விநாடிக்குக் குறைத்தேன்" என்று எழுதினால், நீங்கள் செய்தது எது, அதனால் விளைந்தது எது என்பது தெரிகிறது. சென்னையிலோ கோவையிலோ ஐடி நிறுவனத்தில் சப்போர்ட் ப்ராஜெக்டில் இருந்தவர்கள் அந்த அனுபவத்தைத் தாழ்வாக நினைத்து இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். இரவுப் பணியில் எத்தனை டிக்கெட்டுகளைத் தீர்த்தீர்கள், அடிக்கடி வந்த எந்தப் பிழைக்கு நிலையான தீர்வு கண்டீர்கள் என்று எழுதினால், அதுவே வலுவான அனுபவம். எண்கள் உண்மையாக இருக்க வேண்டும். நேர்காணலில் அவற்றைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

மனிதர்கள் வழியாகத் தேடுங்கள்

லிங்க்ட்இன்னில் தென்படும் எல்லா வேலைகளுக்கும் ஒரே ரெஸ்யூமேவை அனுப்புவது உழைப்பாகத் தோன்றும். ஆனால் அதில் பதில் கிடைப்பது அரிது. உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடி வரும் நிறுவனங்களிலிருந்து தொடங்குங்கள். ஏராளமான பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் ஹேண்ட்ஷேக் தளத்தில் வரும் வேலைகள் மாணவர்களுக்கென்றே போடப்படுபவை. செப்டம்பரிலும் பிப்ரவரியிலும் நடக்கும் வேலைவாய்ப்புச் சந்தைக்குச் செல்வதற்கு முன், வரவிருக்கும் நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்து, பேச விரும்பும் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அவை என்ன செய்கின்றன என்று படித்துச் செல்லுங்கள். ரெஸ்யூமேவைத் திருத்தித் தருவது முதல் மாதிரி நேர்காணல் நடத்துவது வரை, வளாகத்தின் வேலைவாய்ப்பு மையம் செய்யும் உதவிகளுக்கான செலவு உங்கள் கட்டணத்திலேயே பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் வெளியே பணம் கொடுப்பது வேண்டாத செலவு.

முன்னாள் மாணவருக்கு எழுதும் செய்தி நான்கு வாக்கியங்களைத் தாண்ட வேண்டியதில்லை. நீங்கள் யார், அவருடைய பணியில் எதைப் பார்த்து எழுதுகிறீர்கள், எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், பதினைந்து நிமிடம் பேச முடியுமா என்பவை போதும். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்காமல் முதற்பெயரை இட்டே எழுதுங்கள். இங்கே அது மரியாதைக் குறைவு ஆகாது. நம் ஊரைச் சேர்ந்த சீனியராக இருந்தால் பழகிய பின் அண்ணா, அக்கா என்று அழைத்துக்கொள்ளலாம். ஆனால் எவராக இருந்தாலும் முதல் செய்தியிலேயே "ரெஃபரல் தாருங்கள்" என்று கேட்காதீர்கள். அவருடைய குழு எப்படி இயங்குகிறது என்று கேட்டுப் பேசுங்கள். பேச்சில் உங்கள் திறமை தெரிந்தால் அவரே பரிந்துரைக்க முன்வருவார். பேசிய மறுநாள் நன்றி தெரிவித்து ஒரு மின்னஞ்சல் அனுப்புவது இங்குள்ள வழக்கம்.

எந்த நிறுவனங்கள் வெளிநாட்டவருக்காக மனு செய்திருக்கின்றன என்பதை யுஎஸ்சிஐஎஸ் வெளியிடும் எச்-1பி நிறுவனத் தரவுப் பக்கத்தில் எவரும் பெயரிட்டுத் தேடலாம். மார்ச் மாதத் தேர்வுக்கு உட்படாத இடங்களும் உண்டு. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த லாப நோக்கமற்ற மருத்துவமனைகள், லாப நோக்கமற்ற ஆய்வு நிறுவனங்கள், அரசின் ஆய்வு அமைப்புகள் ஆகியவை ஆண்டின் எந்த மாதத்திலும் மனு செய்யலாம். ஊதியம் சற்றுக் குறைவு என்பதற்காகப் பலர் இவற்றை ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது. மாறாக, பாதுகாப்புத் தளவாட நிறுவனங்களின் பெரும்பாலான வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ தேவை. அவற்றுக்கு விண்ணப்பித்து நேரத்தைச் செலவிட வேண்டாம்.

விண்ணப்பத்தில் வரும் இரண்டு கேள்விகள்

ஏறத்தாழ எல்லா விண்ணப்பங்களிலும் இந்த இரண்டும் வரும். அமெரிக்காவில் வேலை செய்யச் சட்டப்படி அனுமதி உள்ளதா என்பது முதல் கேள்வி. இப்போதோ எதிர்காலத்திலோ நிறுவனம் உங்களுக்காக விசா மனு செய்ய வேண்டியிருக்குமா என்பது இரண்டாவது. ஓபிடி அனுமதி பெற்றவர் முதல் கேள்விக்கு "ஆம்" என்று பதிலளிக்கலாம். பின்னர் எச்-1பி தேவைப்படும் என்றால் இரண்டாவதற்கும் "ஆம்" என்பதே உண்மையான பதில். இரண்டாவதற்கு "இல்லை" என்று குறித்தால் நேர்காணல் எளிதாகக் கிடைக்கும் என்று அறிவுரை சொல்பவர்களுக்குச் செவிகொடுக்காதீர்கள். பொய் தெரியவரும்போது கையில் உள்ள வேலையே போய்விடும்.

அதே சமயம், உண்மையைத் தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டியதில்லை. விசா என்றாலே வழக்கறிஞர் செலவு என்று எண்ணித்தான் பல சிறு நிறுவனங்கள் பின்வாங்குகின்றன. இன்டர்ன்ஷிப் பற்றிப் பேசும்போது, "என் அனுமதியைப் பல்கலைக்கழகமே வழங்கும்; நீங்கள் வேலைக் கடிதம் ஒன்று கொடுத்தால் போதும், கட்டணம் எதுவும் இல்லை. பட்டம் பெற்ற பின் மூன்று ஆண்டுகள் வரை பணியாற்ற அனுமதி பெறும் தகுதி எனக்கு இருக்கிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதை ஆங்கிலத்தில் தடங்கலின்றிச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். ஆள் எடுப்பவர் இந்த விவரத்தை அறியாதவராக இருந்தால் இதைக் கேட்ட பிறகு அவருடைய தயக்கம் குறையும்.

நேர்காணலில் நம் மாணவர்கள் அடக்கத்தின் காரணமாக "நாங்கள் செய்தோம்" என்றே எல்லாவற்றையும் சொல்கிறார்கள். சூழல் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன என்ற வரிசையில், குழுவின் பங்கையும் உங்கள் பங்கையும் பிரித்துச் சொல்லுங்கள்.

பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை

90 நாள் கணக்கு ஓடும் பதற்றத்தில் இருப்பவர்களைத் தேடி வரும் கன்சல்டன்சிகள் உண்டு. பயிற்சிக் கட்டணம் கேட்பார்கள். வேலை செய்யாத காலத்துக்கும் பல ஆண்டு அனுபவம் இருப்பதாக ரெஸ்யூமே எழுதித் தருவார்கள். வேலையே இல்லாமல் "எங்களிடம் வேலை செய்வதாகக் காட்டிக்கொள்ளுங்கள்" என்பார்கள். அந்த நிறுவனத்தின் பெயர், வெளிநாட்டு மாணவர்களின் விவரங்களை அரசு வைத்திருக்கும் செவிஸ் பதிவில் நிலைத்துவிடும். பிறகு எச்-1பிக்கோ கிரீன் கார்டுக்கோ மனு செய்யும்போது அதற்கு விளக்கம் கேட்கப்படலாம். மடிக்கணினி வாங்குவதற்கென்று காசோலை அனுப்பி, மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்வது இன்னொரு மோசடி. காசோலை சில நாள்கள் கழித்துத் திரும்பிவிடும், அனுப்பிய பணம் வராது. உண்மையில் நாள்கள் குறைந்துகொண்டே வந்தால் அதற்குச் சட்டப்படியான வழி இருக்கிறது. முதல் 12 மாத ஓபிடியில், படித்த துறை சார்ந்த பணியை, ஊதியமின்றி ஆள் வைத்துக்கொள்ள சட்டம் இடம்தரும் ஓர் இடத்தில், வாரம் 20 மணி நேரத்துக்குக் குறையாமல் செய்தாலும் அது வேலையாகவே கணக்கில் கொள்ளப்படும். பேராசிரியரின் ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள். செய்த மணி நேரத்துக்குச் சான்றுக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெம் நீட்டிப்புக் காலத்தில் இது செல்லாது.

வேலை கிடைத்ததும் நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் 10 நாள்களுக்குள் செவிஸில் பதிவு செய்யுங்கள். வீடு மாறினாலும் அப்படியே. முதல் ஊதியச் சீட்டைக் கவனமாகப் பாருங்கள். எஃப்-1 மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குச் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். இரண்டும் சேர்ந்து ஊதியத்தில் 7.65 சதவீதம். ஊதியப் பிரிவினர் அறியாமல் பிடித்துவிட்டால் முதலில் அவர்களிடமே திருப்பிக் கேளுங்கள். அவர்கள் தர மறுத்தால் வரித்துறைக்குப் படிவம் 843 அனுப்பித் திரும்பப் பெறலாம்.